கிரால் ஸ்பேஸ் வீடும் இறங்கும் தரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே, கேரி, டர்ஹம் பக்கம் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் வீடு புகுந்த ஆறாவது மாதம் எனக்குப் போன் செய்வார்கள். நான் கட்டட என்ஜினீயர் அல்ல. 1971-இல் கட்டிய ஒரு வீட்டை வாங்கி, கூடம் ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருப்பதைத் தாமதமாகக் கண்டுபிடித்து, அதன் அடியில் பல சனிக்கிழமைகளைக் கழித்தவன், அவ்வளவுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. கிரால் ஸ்பேஸ் என்றால் என்ன? பேஸ்மென்ட்டும் அதுவும் ஒன்றா?

இல்லை. பேஸ்மென்ட்டில் நிமிர்ந்து நடக்கலாம். கிரால் ஸ்பேஸில் பெயருக்கேற்பத் தவழத்தான் முடியும். மண்ணுக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவே இரண்டு மூன்று அடி உயரத்துக்கு விட்டிருக்கும் வெற்றிடம் அது. ஊரில் நம் வீட்டுத் தரை மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும். அஸ்திவாரத்துக்குள் மண் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கி, மேலே கான்கிரீட் போட்டிருப்பார்கள். இங்கே தரை என்பது அந்தரத்தில் நிற்கும் மரம்.

அமைப்பைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். பின்னால் வரும் எல்லாப் பதில்களுக்கும் இது வேண்டும். சுற்றிலும் கான்கிரீட் பிளாக் சுவர். நடுவே வரிசையாகப் பிளாக் தூண்கள். தூண்களின் தலைமேல் வீட்டின் நீளத்துக்கு ஓடும் உத்திரம். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பலகைகளைச் சேர்த்து ஆணியடித்தது. சுவரிலிருந்து உத்திரத்துக்குக் குறுக்கே, 16 அங்குலத்துக்கு ஒன்றாக, ஜாயிஸ்ட் எனப்படும் சட்டங்கள். அவற்றின் மேல் பிளைவுட், அதற்கும் மேல் நீங்கள் நடக்கும் தரை.

2. தரை சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, மனைவி இல்லை என்கிறார். எப்படி உறுதி செய்வது?

எங்கள் வீட்டில் அதைக் காட்டிக்கொடுத்தது குத்துவிளக்கு. ஐந்து முகமும் ஏற்றி எண்ணெய் நிரப்பினால், சமையலறைப் பக்கத்து முகத்தில் மட்டும் எண்ணெய் விளிம்பைத் தாண்டி வழியும். எதிர்ப்பக்கத்துத் திரி காய்ந்து கருகும். விளக்கைக் குறை சொல்லி இரண்டு முறை மாற்றினோம். மூன்றாவது விளக்கும் அதே பக்கம் வழிந்தபோதுதான் தரையைப் பார்க்கத் தோன்றியது.

கோலிக்குண்டு உருளுவதை மட்டும் நம்பாதீர்கள். பலகை ஓரிடத்தில் சற்றே வளைந்திருந்தாலும் அது ஓடும். ரசமட்டத்தை ஆறடி நேர்ப்பலகை மேல் வைத்துப் பார்ப்பது அதைவிட மேல். ஊரில் கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை வைத்து மட்டம் பார்ப்பார்களே, அதுதான் மிகச் சிறந்தது. பத்து டாலர்கூட ஆகாது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனாலும் பிசகாது. கட்டத்தாளில் வீட்டை வரைந்து, நான்கடிக்கு ஓரிடமாக அளவைக் குறியுங்கள். தேதியும் போடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் யாருக்கும் போன் செய்ய வேண்டாம், எனக்கும்கூட.

3. எவ்வளவு சாய்வு வரை சும்மா இருக்கலாம்?

ஜாயிஸ்டின் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல், ஆட்கள், சாமான்களின் பாரத்தால் தரை வளையக் கூடாது என்பது இங்குள்ள கட்டட விதி. 15 அடி ஜாயிஸ்டுக்கு அது அரை அங்குலம். ஆனால் அது புதிதாகக் கட்டும்போது போடும் கணக்கு. ஐம்பது வயதான வீட்டில் ஓர் அறைக்குள் அரை அங்குலம், முக்கால் அங்குல வேறுபாடு இருப்பது சாதாரணம். மரம் பல வருடங்கள் பாரம் சுமந்தால் மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடும்.

நான் அளவைவிட மாற்றத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். முப்பது வருடமாக முக்கால் அங்குலம் இறங்கியே இருக்கும் தரை உங்களை ஒன்றும் செய்யாது. ஒரே வருடத்தில் கால் அங்குலம் இறங்கிய தரை உடனே பார்க்க வேண்டியது. கதவு புதிதாகச் சட்டத்தில் இடிப்பது, கதவு மூலையிலிருந்து குறுக்காக விரிசல் கிளம்புவது, சுவரடிப் பட்டிக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி தெரிவது ஆகியவை இறக்கம் இன்னும் நடக்கிறது என்பதன் அடையாளங்கள்.

4. எங்கள் வீடு வடகிழக்கே சரிந்திருக்கிறது. வாஸ்துப்படி நல்லதுதானே?

வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானியம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பார்கள்தான். நம்பிக்கைக்குள் நான் போகவில்லை. ஆனால் உங்கள் ஈசானிய மூலையில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே முடிகிறது என்று நீங்களே சொன்னீர்கள். தரை தாழ்ந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

5. நானே கீழே இறங்கிப் பார்க்க வேண்டுமா? பாம்பு இருக்குமே?

இருக்கலாம். இந்தப் பக்கத்துக் காப்பர்ஹெட் பாம்புக்கும் பிளாக் விடோ சிலந்திக்கும் குளிர்ந்த இருட்டு பிடிக்கும். குளிர்காலத்தில், பகலில், முழுக்கை உடையும் கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டு, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். நீங்கள் உள்ளே இருப்பது மேலே ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். மண்ணில் தண்ணீர் தேங்கி, அதில் மின்கம்பி தொங்கினால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். இடம் ஒடுங்கினால் மூச்சு முட்டுகிறவர் என்றால் வேறு ஆளை அனுப்புங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உள்ளே போனதும் முதல் வேலை நுனி கூரான ஒரு ஸ்குரூடிரைவர். உத்திரத்தையும், சுவர்மேல் படுத்திருக்கும் கட்டையையும், ஜாயிஸ்ட் நுனிகளையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ‘டொக்’ என்று தடுக்கும். எங்கள் குளியலறைக்கு அடியில், டீயில் நனைந்த ரஸ்க்கில் போவது போல ஒன்றரை அங்குலம் போய் நின்றது. வெளியே இழுத்தபோது ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஜாயிஸ்ட் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு தூண்களைப் பாருங்கள். நேராக நிற்கிறதா, உத்திரத்துக்கும் தூண் தலைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, செருகிய ஆப்பு நசுங்கியிருக்கிறதா? பிளாக் சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்கோடு மேலேறினால் அது கரையான் பாதை. நாற்பது டாலருக்கு ஈரமானி ஒன்று வாங்கி மரத்தில் குத்துங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் கவனம், 28 அல்லது 30-ஐத் தொட்டால் அழுகல் பூஞ்சைக்கு விருந்து. எல்லாவற்றையும் புகைப்படம் எடுங்கள்; மேலே வந்த பிறகு எது எங்கே இருந்தது என்பது நினைவில் நிற்காது.

6. பக்கத்து வீடு நன்றாக இருக்கிறதே, எங்கள் வீட்டுத் தரை மட்டும் ஏன் இறங்குகிறது?

பத்தில் ஏழெட்டு வீடுகளில் நான் கண்டது தண்ணீர். அது மூன்று வழியில் வேலை செய்கிறது. மரத்தை ஊறவைத்து வலுக்குறைக்கிறது. பூஞ்சையையும் கரையானையும் கூப்பிடுகிறது. தூணின் அடிமண்ணை இளக்கித் தூணையே இறக்குகிறது. கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டுவது, வெளிமண் வீட்டை நோக்கிச் சரிந்திருப்பது, குளியல் தொட்டியின் கழிவுக் குழாய் மெல்லச் சொட்டுவது என்று வரும் வழிகள் எல்லாம் சாதாரணமானவைதான்.

அடுத்தது, கட்டியபோதே செய்த குறை. தூண்களுக்கு நடுவே தூரம் அதிகம், ஜாயிஸ்ட் கனம் போதாது, தூணுக்கு அடியில் சரியான கான்கிரீட் படுக்கை இல்லை. பின்னால் வந்தவர்கள் செய்த குறை இன்னொரு வகை. பிளம்பரும் ஏ.சி. மெக்கானிக்கும் வழியில் நிற்கும் ஜாயிஸ்டை இரக்கமில்லாமல் வெட்டுவார்கள். விதிப்படி, ஜாயிஸ்ட் நீளத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் வெட்டுப்பள்ளமே கூடாது. மற்ற இடத்தில் அதன் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. துளை என்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, மேல் கீழ் விளிம்புகளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. எங்கள் வீட்டில் கழிப்பறைக் குழாய்க்காக ஒரு ஜாயிஸ்ட் பாதி உயரத்துக்கு அறுக்கப்பட்டிருந்தது. அறுத்தவர் அதன்மேல் தன் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தார்.

7. சுவரில் காற்றுத் துவாரங்கள் திறந்துதானே இருக்கின்றன? அப்புறம் ஈரம் எப்படி வரும்?

அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் வருகிறது! 150 சதுர அடி மண்ணுக்கு ஒரு சதுர அடி துவாரம் என்று பழைய விதி. காற்று வந்தால் காயும் என்று நினைத்துப் போட்டது. ஆனால் இங்கே ஜூலை மாதம் வெளிக்காற்று 90 டிகிரி பாரன்ஹீட். அதில் ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 74 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் நீர்த்துளியாகும். வீட்டடி நிழலில் மரமும் மண்ணும் 70 டிகிரி இருக்கும், ஏ.சி. குழாயோ 55. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மோர்ச்செம்பு வியர்ப்பது போல ஜாயிஸ்ட் வியர்க்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இதே மாநிலத்தில் பிரின்ஸ்வில் என்ற ஊரில், 2000-களின் தொடக்கத்தில், அட்வான்ஸ்ட் எனர்ஜி என்ற லாபநோக்கற்ற அமைப்பு பன்னிரண்டு வீடுகளை அளந்து பார்த்தது. துவாரங்களை மூடி, மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிய வீடுகளின் அடிப்பகுதி தெளிவாகக் காய்ந்திருந்தது. வெப்பமூட்டவும் குளிரூட்டவும் ஆன மின்சாரமும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதற்காக இன்றே துவாரங்களை அடைத்துவிடாதீர்கள். அதன் வரிசைமுறை கேள்வி 13-இல் இருக்கிறது.

8. தரை மட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தால் அலமாரிப் பாத்திரம் குலுங்குகிறது. கொலுவுக்கு அறுபது பேர் வருவார்கள். தாங்குமா?

கணக்கைப் பார்ப்போம். கூடத்தின் தரையை, சதுர அடிக்கு 40 பவுண்டு நடமாடும் பாரம் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது விதி, படுக்கையறைக்கு 30. உங்கள் கூடம் 300 சதுர அடி என்றால் 12,000 பவுண்டு. அறுபது பேர், ஆளுக்கு 150 பவுண்டு வீதம் 9,000. ஜாயிஸ்டும் தூணும் நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். அழுகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. முதலில் கேள்வி 5-இல் சொன்ன ஸ்குரூடிரைவர்.

அதிர்வு என்பது வேறு நோய். அது ஜாயிஸ்ட் நீளத்துக்கு உயரம் போதவில்லை என்பதன் குறி. உடையப் போகிறது என்று அர்த்தமில்லை. ஜாயிஸ்ட்களின் நடுவில், குறுக்காக ஒரு புது உத்திரமும் இரண்டு மூன்று தூண்களும் கொடுத்தால் அதிர்வு சட்டென்று அடங்கும். நீளத்தைப் பாதியாக்குவதற்கு இணையான மருந்து இல்லை. ஜாயிஸ்ட்களுக்கு நடுவே கட்டை அடிப்பது மலிவு, பலன் நடுத்தரம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. எட்டுப் பிள்ளைகள் ஒரே தாளத்தில் தட்டினால் சாப்பாட்டு மேசை விளக்கு ஊஞ்சலாடும். அவர்கள் நடுவில் உத்திரம் கொடுத்த பிறகு விளக்கு அசைவதில்லை.

9. மேலேயே தரையைச் சமமாக்கும் கலவை ஊற்றி, டைல் ஒட்டி மூடிவிட்டால் என்ன?

இறங்குகிற தரைமேல் இன்னும் பாரம் ஏற்றுகிறீர்கள், அதுதான். அந்தக் கலவை ஒரு அங்குலக் கனத்துக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய பத்துப் பவுண்டு. 150 சதுர அடி அறைக்கு 1,500 பவுண்டு. ஒரு சிறிய காரில் பாதி. இறக்கத்தின் காரணம் அப்படியே இருப்பதால் இரண்டு வருடத்தில் டைல் இணைப்புகள் வெடிக்கும். அடியை உறுதிசெய்து, நகர்வு நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு மிஞ்சிய கால் அங்குலத்தைச் சரிசெய்ய அதைப் பயன்படுத்தலாம். கிரானைட், மார்பிள் போட ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கேள்வி 3-இல் சொன்ன 360 அளவு சாதாரண டைலுக்குப் போதும். கல்லுக்கு 720-இல் ஒரு பங்கு என்ற இரட்டிப்பு விறைப்பு கேட்பார்கள்.

10. கடையில் ஜாக்கி கிடைக்கிறதே, நானே தூக்கிவிடலாமா?

சென்னையில் ரோடு உயர உயர, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வரும் தைரியம் இது. அங்கே நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைப் பழகிய ஆட்கள் ஒரே சீராகத் திருப்புகிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு ஜாயிஸ்ட் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றால், கைவேலை தெரிந்தவர் செய்யக்கூடியதுதான். உத்திரம், வெளிச்சுவர்க் கட்டை, தூண் என்றால் என்ஜினீயரும் பெர்மிட்டும் இல்லாமல் தொடாதீர்கள். பாரம் தாங்கும் பாகத்தில் கை வைத்தாலே பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் செய்த வேலை, வீட்டை விற்கும்போது வந்து கழுத்தைப் பிடிக்கும்.

முறை இதுதான். ஒரு ஜாயிஸ்டை மட்டும் குத்தித் தூக்காமல், நாலைந்து ஜாயிஸ்ட்களுக்குக் குறுக்கே தற்காலிக உத்திரம் வைப்பார்கள். அதன் அடியில் ஜாக்கி. ஜாக்கிக்கு அடியில் பாரத்தை மண்ணில் பரப்ப, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மேடை. பிறகு பொறுமை. ஒரு தடவைக்கு அரைக்கால் அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். அதன்பின் சில நாள் விட்டுவிட வேண்டும். நாங்கள் முக்கால் அங்குலம் தூக்க ஏழு வாரம் ஆனது. ராத்திரி பத்து மணிக்கு மேல், வீடு அடங்கியதும், ஆணிகள் மரத்துக்குள் திரும்பி உட்காரும் சத்தம் ‘படக்’ என்று கேட்கும். முதல் வாரம் தூங்கவில்லை. பிறகு அது வராத ராத்திரிதான் சந்தேகமாக இருந்தது.

எண்ணெய் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. அதன் சீல் ஒரு நொடியில் விட்டுவிடும். ஒவ்வொரு முறை தூக்கியதும் பக்கத்தில் கட்டையோ திருகுத் தூணோ வைத்துப் பாரத்தை மாற்றிய பிறகே அதன் அடியில் உடம்பை நுழைக்க வேண்டும். தூக்குவதற்கு முன் மேலே போகும் தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், கழிவுக் குழாய் எங்கே விறைப்பாகப் பிடித்திருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

11. ஒன்றேகால் அங்குலம் இறங்கியதை முக்கால் மட்டும் தூக்கி விட்டது ஏன்? முழுசாகத் தூக்கக் கூடாதா?

தூக்கலாம், வீட்டின் மேல்பாதி அதற்குச் சம்மதித்தால். தரை இறங்கிய பிறகு யாரோ கதவுகளைச் சீவியிருப்பார்கள், விரிசலைப் பூசியிருப்பார்கள், சமையலறை மேடையை அந்தச் சாய்வுக்கேற்ப மட்டம் பார்த்து வைத்திருப்பார்கள். தரையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் அத்தனையும் எதிர்ப்பக்கம் கோணும். வளைந்தே நின்றுவிட்ட மரமும் நிமிர மறுக்கும். வற்புறுத்தினால் தூண்மேல் உட்கார்ந்திருக்கும் நுனி தூக்கிக்கொள்ளும். எங்கள் என்ஜினீயர் முக்கால் அங்குலத்தில் நிறுத்தச் சொன்னார். குத்துவிளக்கு இப்போது ஐந்து முகமும் எரிகிறது.

12. அழுகிய ஜாயிஸ்டைக் கழற்றி மாற்ற வேண்டுமா, பக்கத்தில் இன்னொன்று வைத்தால் போதுமா?

பெரும்பாலும் பக்கத்தில் ஒட்டவைப்பதுதான் செய்கிறார்கள். அதே உயரமுள்ள புதுச் சட்டத்தைப் பழையதன் முதுகோடு பசையும் போல்ட்டும் போட்டு இறுக்குவார்கள். இங்கே ‘சிஸ்டரிங்’ என்பார்கள். உடன்பிறப்பு வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சட்டத்தின் இரண்டு நுனியும் சுவரிலும் உத்திரத்திலும் உட்கார வேண்டும். நடுவில் ஆறடித் துண்டை ஒட்டிவிட்டுப் போவது வெட்டுக்காயத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டுவதுதான். ஜாயிஸ்ட் நுனி அழுகியிருந்தால் அந்தத் துண்டு அந்த அளவுக்குக்கூடப் பயன்படாது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஒட்டினால் அழுகல் புதியதற்கும் தாவும். கான்கிரீட்டைத் தொடும் கட்டை மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும்.

சட்டம் வாங்கும்போது ஏமாறாதீர்கள். ‘2×10’ என்று விற்பதன் உண்மை அளவு ஒன்றரைக்கு ஒன்பதேகால் அங்குலம். உங்கள் வீடு மிகப் பழையது என்றால் பழைய ஜாயிஸ்ட் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

13. அடியை முழுக்கப் பிளாஸ்டிக் போட்டு மூடுவது முதலிலா, தரையைத் தூக்குவது முதலிலா?

தண்ணீரை வெளியே நிறுத்துவது முதலில். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பத்தடி தள்ளிக் கொண்டுபோங்கள். வெளிமண் முதல் பத்தடிக்குள் ஆறு அங்குலம் வெளிப்பக்கம் இறங்குமாறு சரி செய்யுங்கள். சொட்டும் குழாயை அடையுங்கள். பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இத்துடன், சில நூறு டாலரில், முடிகிறது. எந்த விற்பனையாளரும் இதை முதலில் சொல்ல மாட்டார்; அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

அடுத்து மரவேலையும் தூக்கும் வேலையும். விரிப்பு கடைசியில்தான், இல்லையென்றால் போட்ட விரிப்பைக் கிழித்துத்தான் தூணுக்குக் குழி தோண்ட வேண்டும். வெறும் மண்மூடிக்கு 6 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்குக் கனம் போதும். முழுவதும் அடைத்து மூடுவதற்கு 12 முதல் 20 மில் வரை போடுகிறார்கள். சுவரில் ஏற்றும்போது மேலே மூன்று அங்குலம் வெறும் பிளாக் தெரிய விட வேண்டும். கரையான்காரர் பார்ப்பதற்கான ஜன்னல் அது. அடியில் கேஸ் ஹீட்டர் இருந்தால் மூடுவதற்கு முன் அதற்குக் காற்று எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். இது உயிர் விஷயம். மூடிய பிறகு ஈரம் இழுக்கும் இயந்திரம் ஒன்று வைத்து, ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள்.

14. இலவசமாகப் பார்க்க வந்தவர் பதினாறு ஸ்டீல் தூண் வேண்டும், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்கிறார். போடலாமா?

வேண்டாம். எங்களுக்கும் ஒருவர் பதினான்கு சொன்னார். அவர் கிரால் ஸ்பேஸுக்குள் இருந்தது பதினைந்து நிமிடம். எங்கள் சோபாவில் இருந்தது இரண்டு மணி நேரம். பிறகு சில நூறு டாலர் கொடுத்து, எதையும் விற்காத ஒரு என்ஜினீயரை அழைத்தோம். உத்திரத்துக்கு மூன்று புதுத் தூண், இரண்டு ஜாயிஸ்டுக்கு உடன்பிறப்பு, ஒரு கூரைக் குழாய் என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை வைத்து மூன்று பேரிடம் விலை கேட்டபோது, எல்லாரும் ஒரே வேலைக்கு விலை சொன்னார்கள். அப்போதுதான் ஒப்பிடவே முடிந்தது.

ஸ்டீல் தூண் தப்பு என்று சொல்லவில்லை, நல்ல பொருள்தான். எதன்மேல் நிறுத்துகிறார் என்று கேளுங்கள். தோண்டி ஊற்றிய கான்கிரீட் படுக்கையா, மண்மேல் வைத்த தோட்டத்துக் கல்லா? ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. வீட்டுக்கே வந்து விற்கும் ஒப்பந்தங்களை மூன்று வேலைநாட்களுக்குள் ரத்து செய்ய, நுகர்வோரைக் காக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி இடம் தருகிறது. சில விலக்குகள் உண்டு என்பதால் ஒப்பந்தத்தின் ரத்துப் படிவத்தை அன்றைக்கே தேடிப் படியுங்கள்.

15. இன்ஷூரன்ஸ் தருமா?

குழாய் திடீரென்று வெடித்துத் தரை கெட்டது என்றால் தரலாம். அழுகல், கரையான், மண் இறக்கம், நாள்பட்ட கசிவு ஆகியவற்றை வழக்கமான வீட்டுப் பாலிசிகள் விலக்கிவைத்திருக்கும்.

16. வாங்கப்போகும் வீட்டில் தரை சரிந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

விட்டுவிடத் தேவையில்லை, விலை பேசத் தேவை. இந்த மாநிலத்தில் ‘டியூ டிலிஜென்ஸ்’ காலத்துக்குள், அதாவது வாங்குபவர் வீட்டை ஆராய்ந்து பார்க்க ஒப்பந்தத்தில் தரும் காலத்துக்குள், எந்தக் காரணத்துக்காகவும் விலகலாம், அதற்காகக் கட்டிய கட்டணம் போகும் என்பதோடு சரி. எனவே வீட்டுப் பரிசோதகர் ‘மேலும் ஆராய்க’ என்று எழுதினால், அந்தக் காலம் முடிவதற்குள் என்ஜினீயரை வரவழைத்துவிடுங்கள். கரையான் இருக்கிறதா என்று பார்த்து எழுதிய பரிசோதனைக் கடிதம் இருக்கிறதே என்பார்கள். அது கரையானைப் பற்றித்தான் பேசும்; தூணைப் பற்றிப் பேசாது. புதிதாகப் பெயின்ட் அடித்த கூடத்தில் ஒரே ஒரு கதவு மட்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தால், அந்தக் கதவு எங்கே என்று கேளுங்கள்.

17. தூக்கிய பிறகு சுவரில் புது விரிசல், பலகைகளுக்கு நடுவே இடைவெளி. வேலை கெட்டுவிட்டதா?

விரிசலுக்குக் காரணம் கேள்வி 11-இல் சொன்னதுதான். முடியளவு விரிசல்கள் எதிர்பார்க்க வேண்டியவை. மூன்று மாதம் பூசாமல் விட்டு, இரு முனையிலும் பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். முனை நகரவில்லை என்றால் பூசிவிடலாம். இடைவெளிக்குக் காரணம் வேறு. அடி காய்ந்ததால் மரம் சுருங்கியிருக்கிறது. ஈரம் இழுக்கும் இயந்திரத்தை முதல் நாளிலேயே முழு வேகத்தில் ஓடவிட்டால் இது அதிகம் நடக்கும். மெல்லக் காயவிட்டிருக்க வேண்டும்.

18. கோடையில் இறங்கி, மழை பெய்தால் ஏறுகிறது. இரண்டு கம்பெனி இரண்டு விதமாகச் சொல்கின்றன. இது என்ன?

டர்ஹம், மோரிஸ்வில், மேற்குக் கேரி பக்கமா? அங்கே டிரயாசிக் படுகை எனப்படும், பல கோடி வருடங்களுக்கு முன் உருவான தாழ்நிலத்தின் களிமண் இருக்கிறது. நம் ஊர்க் கரிசலைப் போல நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடித்துச் சுருங்கும். உங்கள் மரத்தில் குறையே இல்லாமலும் இருக்கலாம். தூணின் அடிமண் மூச்சு விடுகிறது. இந்த வீட்டில் ஜாக்கி வைத்து ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தால், ஆறு மாதத்தில் அது எதிர்ப்பக்கம் போகும். கேள்வி 2-இல் சொன்ன கட்டத்தாளை மாதம் ஒருமுறை, ஒரு வருடம் முழுக்க நிரப்புங்கள். மண் அறிந்த என்ஜினீயர் முதலில் கேட்பது அதைத்தான். சுவரோரம் பெரிய மரம் இருந்தாலும் சொல்லுங்கள். கோடையில் அது அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும்.

19. ஊரிலிருந்து அம்மாவின் ஆட்டுக்கல்லைக் கப்பலில் கொண்டுவந்துவிட்டேன். எங்கே வைப்பது?

அறையின் நடுவில் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டியோ உத்திரத்துக்கு நேர் மேலேயோ வையுங்கள். பாரம் நேராகப் பிளாக்குக்கு இறங்கும். அடியில் முக்கால் அங்குலப் பிளைவுட் ஒன்று, மூன்று ஜாயிஸ்ட்களையாவது தொடும் அளவில். ஜாயிஸ்ட் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது கீழே போனால்தான் தெரியும், எப்படியும் ஒருமுறை இறங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டு அம்மி சமையலறை ஜன்னலோரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. நான்கு வருடத்தில் அந்த இடம் கட்டத்தாளில் இம்மியும் மாறவில்லை.